சோபா உறையில் சுற்றிய கிற்றார்

புதிதாக வாங்கிய சோபாவின் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றாமல் வருடக்கணக்கில் அதன்மேலேயே இருந்து எழும்புகிற மனிதர்களைக் கண்டால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். இருந்தால் தொடை வியர்க்கும். எழும்பினால் தோல் உரிகிறமாதிரி ஒரு சத்தம் வரும், வந்த விருந்தாளி தன்னில்தான் ஏதோ பிழை என்று நெளிவான். சோபா மட்டும் பத்து வருடம் கழித்தும் கடையில் நின்றதுபோலவே நிற்கும். ஒருநாளும் ஒருவரும் அதைத் தொட்டு இருக்கவில்லை என்றால் பிறகு அது எதற்குச் சோபா?

என் அண்ணையின் வீட்டில் அப்படி மூன்று கிடக்கின்றன. அண்ணை இருப்பது லண்டனில், வீடு இருப்பது மயிலிட்டியில். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி திரும்பக் கைக்கு வந்த பிறகு இரண்டு மாடியில் கட்டினார். அதற்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். வருடத்தில் மூன்று கிழமை, கோயில் திருவிழாவை ஒட்டி, அங்கே ஆள் புழங்கும். மிச்ச நாள் முழுக்கச் சாவியெல்லாம் கோர்த்த திறப்புக் கோர்வை என்னிடம். கிழமைக்கு ஒரு தடவை போய்க் கதவு யன்னலைத் திறந்து காற்று விடுவேன், குழாய்களில் தேங்கின துருத் தண்ணீரை ஓடவிடுவேன், எங்காவது கறையான் ஏறுகிறதா என்று பார்ப்பேன். ரீவி ரிமோட்டுக்குப் பொலித்தீன் உறை. சாப்பாட்டு மேசைக்குமேல் கண்ணாடி, கண்ணாடிக்குமேல் பிளாஸ்ரிக் விரிப்பு. அந்த வீட்டில் எதையும் நேராகத் தொட முடியாது.

நான் வள்ளங்களின் என்ஜின் திருத்துகிறவன். துறைமுகத்தடியில் எனக்கு ஒரு கொட்டில் இருக்கிறது. அது பகல் வேலை. கோயில் திருவிழா, கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு என்று கூப்பிடுகிற இடங்களில் ஐந்து பேராகச் சேர்ந்து வாசிப்போம். அதில் நான் கிற்றார். பதினெட்டு வருடங்களாக அதே ஐந்து பேர், எனக்கு அதே கிற்றார்.

அந்தக் கிற்றாரைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணம் ரவுனில் வாங்கிய மலிவுச் சாமான். சிவப்பு நிறம். மேலே பூசியிருக்கிற பூச்சு குளியலறை வாளியின் பிளாஸ்ரிக்கைப்போலத் தடிப்பு. நிலத்தில் போட்டாலும் கிற்றார் உடையுமே தவிரப் பூச்சு உரியாது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிகளின் நுனிகளை ஒழுங்காக அராவாமல் விட்டிருந்தார்கள், முதல் வருடம் முழுக்க உள்ளங்கையைக் கீறியது. நானே அரத்தால் அராவினேன். மூன்றாவது கம்பியின் முறுக்காணி பிடிக்காது, ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். கழுத்தை உடம்போடு பிடிக்கிற திருகாணி ஓட்டை பெரிதாகிவிட்டதால் உள்ளே இரண்டு நெருப்புக் குச்சிகளை முறித்து வைத்து இறுக்கியிருக்கிறேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் பழைய றேடியோவில் கழற்றியது. தோளில் மாட்டும் வார் ஒரு வானின் சீற் பெல்ற். கம்பியிலிருந்து கையை எடுத்தால் ஸ்பீக்கர் மீனில் மொய்க்கிற இலையான் கூட்டம்போல இரையும், கையை வைத்தால் அடங்கும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் புதுக் கம்பி பத்து நாளில் கறுத்துப்போகும். இவ்வளவோடும் அது பதினெட்டு வருடம் உழைத்தது. கொட்டிலில் ஓர் ஆணியில், மண்ணெண்ணெய் மணத்துக்குள் தொங்கியது.

இப்போது என் வியாதிக்கு வருகிறேன். நாங்கள் திருவிழாக்களில் தவறாமல் வாசிக்கிற ஒரு முருகன் பாட்டின் நடுவே கிற்றாருக்கென்று ஒரு வேகமான ஓட்டம் வரும். பதினாறு சுரம், ஒரு மூச்சில். அந்த ஓட்டத்தில் மேலே ஏறும்போது பதினோராவது சுரம் எனக்குச் செத்துப்போகும். டொக் என்று ஒரு சத்தம்தான் வரும். கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்குத் தெரியாது, இரைச்சலில் அடிபட்டுப்போகும். கீபோட் வாசிக்கிறவனுக்கு மட்டும் தெரியும். அவன்தான் எங்கள் குழுவின் தலைவன், என் வயதுக்காரன், என்னோடு படித்தவன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் தலையை இலேசாகத் திருப்பிப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் பாட்டு முடிந்ததும் நான் சொல்வேன்:

"இந்தக் கிற்றாரிலை இவ்வளவுதான் மச்சான் வரும். நல்ல சாமான் ஒண்டு கையிலை கிடைச்சாத்தான் தெரியும்."

பதினெட்டு வருடமாக இதைத்தான் சொல்லிவந்தேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. பிழை கிற்றாரிலா, என் கையிலா? நல்ல சாமான் ஒன்று கிடைக்கும்வரை அந்தக் கேள்வியைத் தள்ளிவைக்கலாம். எங்கள் ஊரில் நல்ல சாமான் யாருக்குக் கிடைக்கப்போகிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

போன வருடத்துக்கு முதல் வருடத் திருவிழாவுக்கு அண்ணை வந்து இறங்கியபோது அவருடைய பெட்டிகளோடு மண்ணிற நீளப்பெட்டி ஒன்றும் இறங்கியது. உள்ளே சிவப்பு வெல்வெட் மெத்தையில் ஒரு கிற்றார். உலகம் முழுக்கப் பெயர்போன கம்பனியின் பழைய மொடல், அறுபது எழுபது வருடமாக மாற்றாமல் செய்கிறார்களாம். கம்பனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஓரத்தில் கரும்பழுப்பு, நடுவில் தேன் நிறம். தலைப்பகுதியில் பொன் எழுத்தில் பெயர். அந்த விலைக்கு மூன்று வள்ளத்துக்குப் புது என்ஜின் பூட்டலாம். அண்ணைக்குக் கிற்றாரில் ஒரு கம்பியும் தட்டத் தெரியாது. லண்டனில் கூட வேலை செய்கிற ஒருவன் வீட்டுச் சுவரில் இதைத்தான் மாட்டியிருக்கிறானாம். அவ்வளவுதான் காரணம்.

கொண்டுவந்த அன்றே அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். புது வாகனத்துக்குச் செய்கிறதுபோல ஐயர் அதற்கும் ஓர் அர்ச்சனை செய்து, தலைப்பகுதியில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். சந்தனம் சரியாகப் பொன் எழுத்தின்மேல் விழுந்துவிட்டது. அண்ணை கோயில் வாசலைத் தாண்டுமுன்னமே கைலேஞ்சியை எடுத்து, அம்மனுக்கு முன்னால் வைத்த சந்தனத்தைத் துடைத்து எறிந்துவிட்டுப் போட்டோ எடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பக்தியில் நான் பெரிய ஆள் இல்லை, ஆனாலும் எனக்கு அது சீ என்று போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வகுப்பு நடந்தது.

"உன்ரை உந்தச் சிவப்புப் பலகையைத் தூக்கி எறி. இதைப் பார். பழைய முறையிலை பூசின வார்னிஷ். வெங்காயத் தோல்மாதிரி மெல்லிசு. மரம் மூச்சு விடும். அதாலைதான் அந்தச் சத்தம்."

"ஓமண்ணை. ஒருக்கா வாசிச்சுப் பாக்கட்டோ?"

"கையைக் கழுவிப்போட்டு வா."

மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். என்ஜின் திருத்துகிறவனின் கையில் மண்ணெண்ணெய் மணம் போகாது என்பது அவருக்கும் தெரியும், எங்களைப் பெற்ற அப்புவும் அதே வேலைதான் செய்தார். கையை முகர்ந்து பார்க்காத குறையாகத் தந்தார். மடியில் வாங்கியதும் முதலில் தெரிந்தது பாரம். கழுத்து உடம்போடு ஒன்றாக ஒட்டியிருந்தது, திருகாணியும் இல்லை நெருப்புக் குச்சியும் இல்லை. பட்டி நுனிகள் கூழாங்கல்போல மழுங்கி வழுக்கின. ஆனால் ஸ்பீக்கர் பெட்டி இல்லாத மின்சாரக் கிற்றாரில் என்ன கேட்கும்? கொடிக்கம்பியைத் தட்டின சத்தம்தான்.

"என்ரை பெட்டியைக் கொண்டுவரட்டோ அண்ணை? பக்கத்திலைதானே."

"வேண்டாம், வேண்டாம். உன்ரை பெட்டியை இஞ்சை இழுத்தால் மாபிள் கீறும். உப்பிடியே இரு, வீடியோ எடுக்கிறன்."

ஒரு நிமிடம் எடுத்தார். பிறகு வாங்கிவிட்டார். மூன்று கிழமை முழுக்க அதை வந்தவன் போனவன் எல்லாம் பார்த்தான், ஒருவனும் கேட்கவில்லை.

போகிற நாள் அவர் செய்தது இன்னும் அசிங்கம். பெட்டியின் வெல்வெட்டில் பூச்சி பிடிக்கும் என்று சொல்லிக் கிற்றாரை வெளியில் எடுத்தார். சோபாக்களுக்குத் தைத்ததுபோக மிஞ்சிய தடித்த பிளாஸ்ரிக் துண்டு ஒன்று, பூப்போட்டது, வீட்டில் இருந்தது. அதால் கிற்றாரைத் தலைப்பகுதி மட்டும் தெரியக் குழந்தையைத் துணியில் சுற்றுகிறமாதிரி இறுக்கிச் சுற்றி, ஒட்டுநாடாவால் வரிந்தார். மேல்மாடி ஹோலில் இருக்கிற கண்ணாடி அலுமாரிக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். மூச்சு விடுகிற மரம் என்று மூன்று கிழமை வாய் ஓயாமல் சொன்ன அதே மனிதர்.

"நான் வரும்வரை திறக்காதை. விளங்குதோ? ஒரு கீறல் விழக்கூடாது."

"ஓமண்ணை."

அந்த ஒரு வருடமும் கிழமைக்கு ஒரு தடவை நான் அந்த அலுமாரிக்கு முன்னால் போய் நின்றேன். திறப்பு என் கையில். வீட்டில் ஈ காக்கா இல்லை. ஒட்டுநாடாவைப் பக்குவமாக உரித்து, பத்து நிமிடம் வாசித்து, திரும்பச் சுற்றிவைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மேல்மாடியில் கொங்கிறீற்றுக் கூரையின் வெக்கை அடுப்பங்கரைபோல இருக்கும். வியர்க்க வியர்க்க நின்று பார்த்துவிட்டு இறங்கி வருவேன்.

ஒருநாள் என்னோடு விளக்குமாற்றோடு வந்த என் மனிசி கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, மூலஸ்தானத்தைக்கூட நாளுக்கு மூண்டு தரம் திறக்கினம். உதுக்கு வருசத்திலை ஒருக்காலோ? எடுத்து வாசியுங்கோவன்."

"அண்ணை அறிஞ்சால் துள்ளுவார்" என்றேன்.

அது பொய். அண்ணை துள்ளினால் எனக்கு என்ன? அவர் ஐயாயிரம் மைலுக்கு அப்பால். அண்ணை திறக்காதே என்று சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதுதான் உண்மை. அதை எடுத்து வாசித்து, அதிலும் பதினோராவது சுரம் செத்துப்போனால்? பிறகு எந்தக் கிற்றாரைக் குறை சொல்வது? அவர் போட்ட தடையை நான் குடைமாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியிலோ, கண்ட இடமெல்லாம் அவரைத் திட்டினேன்.

அடுத்த திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்க அண்ணையின் அழைப்பு வந்தது. எங்கள் கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். ஏழாம் திருவிழா எங்களுடையது. அன்றைய பூசை, மேளம், பாட்டு எல்லாம் எங்கள் பொறுப்பு.

"இந்த முறை எங்கடை திருவிழாவிலை உந்தக் கிற்றாரைத்தான் நீ வாசிக்கிறாய். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். போனிலை லைவ் போகும், லண்டனிலை இருந்து எல்லாரும் பாப்பினம்."

"எனக்குப் பழக நாள் வேணும் அண்ணை. இப்பவே எடுத்துப் பழகட்டோ?"

"நான் வந்து எடுத்துத் தாறன். உனக்குப் பதினெட்டு வருசப் பழக்கம்தானே, பிறகென்ன?"

அவர் வந்து சேர்ந்தது ஏழாம் திருவிழாவுக்கு இரண்டு நாள் முந்தி. அடுத்த நாள் காலையே கோயில் சபைக்காரர் இரண்டு பேரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, அவர்களுக்கு முன்னால் திறக்கவேண்டும் என்று மேலே கூட்டிக்கொண்டு போனார். கீபோட்காரனும் பாட்டுகளைப்பற்றிக் கதைக்க வந்திருந்தான். நாங்கள் எல்லோரும் அலுமாரியைச் சுற்றி நின்றோம். அண்ணை ஒட்டுநாடாவைக் கத்தரித்தார். பிளாஸ்ரிக் வரவில்லை. இழுத்தார். காயத்தில் ஒட்டின துணியை இழுக்கிறபோது வருமே, அந்தச் சத்தம் வந்தது. ஒரு துண்டு பிளாஸ்ரிக்கோடு தேன் நிறத்தில் ஒரு துண்டுத் தோலும் கழன்று வந்தது.

அப்படி ஒரு நாற்றம், புளித்த மருந்தும் எரிந்த ரப்பரும் கலந்தமாதிரி. முன்பக்கம் முழுக்கச் சுருங்கிச் சுருங்கிக் கிடந்தது, சில இடத்தில் சோபா உறையின் பூக்கள் அப்படியே பதிந்திருந்தன. பின்பக்கம் அதைவிட மோசம். தொட்டால் விரல் ஒட்டியது, எடுத்தால் நூல் இழுபட்டது. சர்க்கரைப் பாகு.

அண்ணை கிற்றாரைப் பார்க்கவில்லை. நேரே என்னைத்தான் பார்த்தார்.

"என்னடா செய்தனி?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. தொடவே இல்லை அண்ணை."

"பொய் சொல்லாதை. வெயிலுக்கை வைச்சு வாசிச்சிருக்கிறாய். வேர்வையோடை திரும்பச் சுத்தி வைச்சிருக்கிறாய்."

சபைக்காரரில் மூத்தவர் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார். "என்ஜின் எண்ணெய்க் கைதானே தம்பி. பட்டிருக்கும்" என்றார். அதற்கு முந்தின மாரியில் அவருடைய வள்ளத்து என்ஜினை மழைக்குள் படுத்துக்கிடந்து திருத்திக் கொடுத்தது இதே எண்ணெய்க் கைதான். எனக்கு அந்தக் கோப்பையை அவர் தலையில் கவிழ்க்கவேண்டும்போல இருந்தது.

கீபோட்காரன் குனிந்து பார்த்து, உரிந்த துண்டை விரலில் உருட்டினான்.

"அண்ணை, இது கை பட்டு வாறது இல்லை. இந்தப் பழைய முறை வார்னிஷுக்கும் இப்பிடி மெதுவான பிளாஸ்ரிக்குக்கும் ஒத்துவராது. வெக்கைக்கை ஒட்டிக் கிடந்தால் இளகிப்போகும். உந்தக் கம்பனியே பிளாஸ்ரிக் படாமல் வையுங்கோ எண்டுதான் சொல்லுறவை. இவன்ரை மலிவுச் சாமானைச் சுத்தி வைச்சிருந்தால் ஒண்டும் ஆகியிராது."

"சோபாவுக்கு ஒண்டும் ஆகேல்லையே!" என்றார் அண்ணை.

சபைக்காரர் மெல்லப் படியிறங்கினார்கள், அண்ணை போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் தொடவில்லை என்பதை அவர் நம்பவே இல்லை. ஆசை இருக்கிறவன் திறப்பும் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் தொடாமல் இருப்பானா என்றுதான் எவனும் நினைப்பான். இருந்தேன். அது பெருமையான காரணத்துக்காக அல்ல என்பதால் வாயைத் திறந்து வாதாடவும் என்னால் முடியவில்லை.

அன்று மத்தியானம் அண்ணை குடும்பத்தோடு தொண்டைமானாற்றுப் பக்கம் கோயிலுக்குப் போயிருந்தார். நான் என் ஸ்பீக்கர் பெட்டியை வேலிக்கு மேலால் தூக்கி, அந்த மாபிள் தரையில் வேண்டுமென்றே இழுத்துக்கொண்டு போனேன். என் சிவப்புக் கிற்றாரையும் கொண்டுபோனேன். மேலேயிருந்த நோயாளிக் கிற்றாரை இறக்கிக்கொண்டு வந்து, உறைபோட்ட சோபாவில், நான் ஒருநாளும் இருக்காத சோபாவில் போய் இருந்தேன். ஸ்பீக்கர் பெட்டியில் முதலில் என்னுடையதைக் கொளுவினேன். அந்த ஓட்டத்தை வாசித்தேன். இரைச்சல், இழுபறி, பதினோராவதில் டொக். எனக்குத் தெரிந்த சத்தம்தான்.

பிறகு மற்றதைக் கொளுவினேன். கையை எடுத்தேன், இரைச்சல் இல்லை. முதலில் அந்த அமைதியே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கம்பியைத் தட்டினேன். இதை நான் மறைக்கமாட்டேன்: நல்ல சத்தம். என் கிற்றாரில் ஒரு சுரம் பிறந்த உடனேயே போய்விடும், இதில் அது நின்று, தடித்து, மெல்லமெல்ல இறங்கியது. தோல் உரிந்து கிடந்தாலும் உள்ளே அது ஆரோக்கியமாகத்தான் இருந்தது. விலை கூடிய சாமானில் விசயம் இல்லை என்று சொல்கிறவன் வாங்க முடியாத வயிற்றெரிச்சலில் சொல்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓட்டத்தை வாசித்தேன். பத்துச் சுரமும் மணிமணியாக வந்தன. பதினோராவது செத்தது.

திரும்ப வாசித்தேன். செத்தது. எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. என் கிற்றாரில் அந்தப் பிழை இரைச்சலுக்குள் ஒளித்துக்கொள்ளும். இதில் ஒளிக்க இடமே இல்லை, வெள்ளை வேட்டியில் கறை பட்டமாதிரிப் பளிச்சென்று கேட்டது. கையைப் பார்த்தேன். அந்த இடத்தில் சின்னவிரல் வரவேண்டும். என் சின்னவிரல் வருவதில்லை, மோதிரவிரல் ஓடிப்போய் அரைகுறையாக அழுத்துகிறது. பதினெட்டு வருடமாக அப்படித்தான் செய்திருக்கிறது. சின்னவிரலுக்கு ஒரு காயமும் இல்லை, ஒரு நோவும் இல்லை. பழக்கவில்லை, அவ்வளவுதான்.

மனிசி வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"ரண்டிலையும் அந்த இடம் ஒரே மாதிரித்தான் தடக்குது, என்ன?" என்றாள்.

"உனக்கென்ன விளங்கும்? போ அங்காலை!" என்று கத்தினேன். அவள் போய்விட்டாள். அந்த ஒரு நிமிடம் அவளை வெறுத்தேன், பிறகு என்னைத்தான் வெறுத்தேன். அண்ணை சோபாவுக்கு உறை போட்டார், கிற்றாருக்கு உறை போட்டார். நான் என் கைக்கு உறை போட்டு வைத்திருந்தேன், அந்தச் சிவப்புப் பலகைதான் உறை. அவரைப் பார்த்து வந்த அத்தனை குமட்டலும் சுற்றிக்கொண்டு என் தொண்டைக்கே வந்து நின்றது. எழும்பியபோது சோபா அந்தச் சத்தத்தைப் போட்டது.

லைவ் போகும் என்று லண்டன் முழுக்கச் சொல்லியாகிவிட்டதால் அண்ணையால் பின்வாங்க முடியவில்லை. ஏழாம் திருவிழாவன்று மாலை கோயிலில் ஒரு கிண்ணம் நிறையச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தார். கிற்றாரின் முன்பக்கத்தில் எங்கெங்கே சோபாப் பூ பதிந்திருந்ததோ, தோல் உரிந்திருந்ததோ, அங்கெல்லாம் சந்தனத்தை அப்பினார். நடுவில் குங்குமம். பூசை வைத்த வாத்தியம் என்று சனம் நினைக்குமாம். பொன் எழுத்தில் மட்டும் ஒரு துளி படவிடவில்லை. முந்தின வருடம் அதே கையால் சந்தனத்தைத் துடைத்து எறிந்தவர்.

"பின்பக்கம் வயித்தோடை அமத்திப் பிடி. ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

எங்கள் கோயிலில் மேடை மதிலுக்கு உள்ளேதான். ஆண்கள் எவரும் மேலுடுப்போடு உள்ளே வரக்கூடாது. பாட்டுக்காரர்களும் வேட்டியோடு வெறும் மேலோடுதான் வாசிக்கவேண்டும். எனவே அந்த உருகின வார்னிஷ் முழுவதும் என் வெறும் வயிற்றில் அப்பிக்கொண்டது. வெக்கையும் வியர்வையும் சேரச்சேர அது இன்னும் இளகியது. நான் அசைந்தால் இழுத்தது. முன்னால் சந்தனம், பின்னால் பசை, மூக்கில் அந்த நாற்றம். அண்ணை போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்தது முகத்தை அல்ல, தலைப்பகுதியை.

முருகன் பாட்டு வந்தது. ஓட்டம் வந்தது. சின்னவிரலை வைக்கவேண்டும் என்று நினைத்தேன். ஒரு நாளில் விரல் கேட்குமா? மோதிரவிரல் தன் பாட்டில் ஓடியது. டொக். கோயில் ஸ்பீக்கர் நாலிலும் அது கணீரென்று கேட்டது. கீபோட்காரன் தலையை இலேசாகத் திருப்பினான்.

பாட்டு முடிந்ததும் மூத்த சபைக்காரர் மேடையடிக்கு வந்தார். "என்ன இருந்தாலும் லண்டன் சாமான் லண்டன் சாமான்தான். சத்தத்திலையே தெரியுது, என்ன சுத்தம்!" என்றார். அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சிரித்தார். நான் கிற்றாரை வயிற்றிலிருந்து பிடுங்கினேன், மயிரும் சேர்ந்து பிடுங்குப்பட்டது. மூன்று நாளுக்கு வயிற்றில் பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. தேங்காயெண்ணெய் போட்டுத்தான் போனது.

அண்ணை திரும்பிப் போகிற நாள் திறப்புக் கோர்வையைத் தந்துவிட்டு, கிற்றாரைக் காலால் தள்ளாத குறையாகக் காட்டினார்.

"உதை நீயே வைச்சிரு. இனி உது ஒண்டுக்கும் உதவாது. அடுத்த முறை வேறை ஒண்டு கொண்டு வாறன்."

நல்லதாக இருந்தவரை அலுமாரிக்கு, நாறின பிறகு எனக்கு. வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பிசினைச் சுரண்டி, பின்பக்கத்தை மரம் தெரிய உரஞ்சினேன். சந்தனம் ஓரங்களில் காய்ந்துபோய் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சிவப்புக் கிற்றாருக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து இதையும் கொட்டிலில் தொங்கவிட்டிருக்கிறேன். மனிசியிடம் அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எனக்குத்தான் ஒண்டும் விளங்காதே" என்றாள்.

போன கிழமை ஒரு கலியாண வீட்டுக்காகப் பழகினோம். வீட்டுக்காரர் அந்த முருகன் பாட்டைத்தான் கேட்டிருந்தார்கள். நான் ஆணியிலிருந்து அண்ணையின் கிற்றாரை எடுத்தேன். ஓட்டம் வந்தது, போனது. கீபோட்காரன் இந்தத் தடவை தலையைத் திருப்புவதோடு விடவில்லை, வாசிப்பை நிறுத்திவிட்டான்.

"மச்சான், அதே இடம்."

என் வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது. "இந்தக் கிற்றாரிலை..."

அவன் என் மடியைப் பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன். தோல் உரிந்த உடம்புக்கு மேலே பொன் எழுத்து ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே இருந்தது. மிச்ச வசனத்தை நான் சொல்லவில்லை.